பிற்கால கோதிக் மரப் பீடங்களைப் பார்ப்பது எப்படி? கீல் முதல் முகம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

போலந்தின் கிராக்கோவ் நகரில் மரியன்னை ஆலயம் இருக்கிறது. வழக்கமாகக் காலை 11:50 மணிக்கு ஒரு கன்னியாஸ்திரி நீண்ட கோலுடன் வந்து, பலிபீடத்துக்குப் பின்னால் நிற்கும் பெரிய மரக்கதவுகளைத் திறப்பார். அதுவரை மங்கலாகத் தெரிந்த சுவர் விலகி, உள்ளே பொன்னும் நீலமுமாக ஓர் உலகம் விரியும். கூடியிருப்பவர்கள் உடனே போனைத் தூக்கிப் படம் எடுத்துவிட்டு, பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இதை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

பிற்கால கோதிக் என்ற கலைப்பாணி நிலவிய காலத்தில், சுமார் 1470 முதல் 1525 வரை, ஜெர்மன் பேசும் நாடுகள், போலந்து, இன்றைய ஸ்லோவாக்கியா, பெல்ஜியம், பால்டிக் கரை எங்கும் இப்படிச் சிறகு போல விரியும் கதவுகள் வைத்த சிறகுப் பீடங்கள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. பீடம் என்று சொன்னாலும் பூசை நடக்கும் மேசை அல்ல இது. அந்த மேசைக்குப் பின்னால் எழுப்பப்படும் செதுக்கு வேலைப்பாட்டைத்தான் சொல்கிறோம். பார்ப்பவர்கள் எல்லோரும் முதலில் முகங்களைத்தான் பார்ப்பார்கள். என் யோசனை, முகத்தைக் கடைசிக்கு வையுங்கள். கதவு திரும்பும் கீலில் தொடங்குங்கள்.

படி 1: திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா?

இவை அடிப்படையில் கதவு வைத்த பெட்டிகள். சாதாரண நாளில் மூடியிருக்கும், ஞாயிறு அல்லது திருநாளில் திறக்கும். தவக்காலத்தில் மூடியே வைப்பதுண்டு. அதாவது கதவுகளே நாள்காட்டி. இந்த ஒன்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மூடிய நிலையில் ஏன் நிறம் அடங்கி, தட்டையான ஓவியமாகவோ தாழ்வான புடைப்பாகவோ இருக்கிறது, திறந்தால் ஏன் முழு உருவச் சொரூபங்களும் தங்கமும் வருகின்றன என்பது தானாக விளங்கும். சிறப்பைப் பதுக்கி வைத்து, நாள் பார்த்துக் காட்டுகிறார்கள்.

இதை நன்றாக உணர ஆஸ்திரியாவின் சாங்க்ட் வொல்ஃப்காங் ஊருக்குப் போகவேண்டும். தென் டிரோலின் புருனெக் ஊர்க்காரரான மிஷாயேல் பாஹர் 1471-இல் மோண்ட்ஸே மடத்துத் தலைவரோடு ஒப்பந்தம் போட்டு, 1481-இல் முடித்த பீடம் அது. இரண்டு அடுக்குச் சிறகு, ஆக மூன்று நிலை. எல்லாம் மூடியிருந்தால் புனித வொல்ஃப்காங்கின் வாழ்க்கை, நான்கு காட்சி. முதல் சோடியைத் திறந்தால் இயேசுவின் வாழ்க்கை, எட்டுக் காட்சி. இரண்டாவதையும் திறந்தால் மாதாவின் வாழ்க்கை நான்கு ஓவியமாக இருபுறமும் நிற்க, நடுவில் மாதாவுக்கு முடிசூட்டும் காட்சி தகதகவென்று மரச்சிற்பமாக நிற்கும். ஐந்நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இது அதே இடத்திலேயே இருக்கிறது. அந்தக் காலத்துப் பீடங்களில் அது அரிது.

அதனால் போவதற்கு முன் திறக்கும் நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். சில கோவில்களில் ஒரே நிலையில் நிரந்தரமாக வைத்திருப்பார்கள். பிரான்ஸின் கோல்மார் நகரில், உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஈசன்ஹைம் பீடத்தைப் பிரித்துத் தனித்தனியாக நிறுத்தியிருக்கிறார்கள். எல்லா நிலைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், வசதிதான். ஆனால் கதவு திறக்கும்போது வரும் அந்தத் திடுக்கிடல் போய்விடுகிறது.

படி 2: உறுப்புகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

இதற்கு அதிக நேரம் வேண்டாம். கீழே நீளவாக்கில் ஓர் அடிப்பெட்டி, அதன் பெயர் பிரெடெல்லா. அதன்மேல் முதன்மைச் சொரூபங்கள் நிற்கும் நடுப்பேழை. இருபுறமும் சிறகுகள். தலைக்குமேல் ஊசி ஊசியாக, மரக்கிளை போலப் பின்னி ஏறும் கோபுர வேலை. அவ்வளவுதான். கீழிருந்து மேலே படிக்கவேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கிராக்கோவில் அடிப்பெட்டியில் ஈசாயின் வம்ச மரம் (இயேசுவின் முன்னோர் வரிசை), நடுவில் மாதாவின் மரணம், அதற்குமேல் விண்ணேற்பு, உச்சியில் முடிசூட்டு. கதையே கீழிருந்து மேலேதான் ஏறுகிறது.

படி 3: என்ன மரம்?

தெற்கு ஜெர்மனியிலும் போலந்திலும் சிற்பிகள் கையாண்டது லிண்டன் மரம். ஆங்கிலத்தில் இதற்கு 'லைம்' என்று ஒரு பெயர் உண்டு. அதைப் பார்த்துச் சிலர் தமிழில் 'எலுமிச்சை மரம்' என்று எழுதிவிடுகிறார்கள். எலுமிச்சைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வடக்கே, நெதர்லாந்து, பால்டிக் பக்கம் போனால் ஓக்.

இந்த வித்தியாசம் சும்மா தகவல் அல்ல, பாணியையே அதுதான் முடிவு செய்கிறது. லிண்டனின் இழை சீரானது, மென்மையானது. எந்தப் பக்கம் உளி வைத்தாலும் வெண்ணெய் மாதிரி இல்லாவிட்டாலும் முரண்டு பிடிக்காமல் வரும். மெல்லிய விளிம்பு, தொங்கும் சுருள், குடைந்த மடிப்பு எல்லாம் தாங்கும். அதனால் ஆளுயரத்துக்கும் மேலான சொரூபங்களைத் துணிந்து செதுக்கினார்கள். கிராக்கோவின் நடு உருவங்கள் சுமார் 2.7 மீட்டர். ஓக் கடினம், இழையோடு பிளக்கும். அதில் சின்னச் சின்ன உருவங்களைத் தனித்தனியாகச் செய்து, பெட்டிக்குள் நாடக மேடை போல நெருக்கி அடுக்குவது வடக்கத்தியர் வழி.

இப்போது ஒரு விஷயத்தைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். எங்காவது அருங்காட்சியகத்தில் லிண்டன் சொரூபம் சுவரை விட்டுத் தள்ளி நின்றால், முதுகுப்பக்கம் எட்டிப் பாருங்கள். முதுகே இருக்காது. படகு மாதிரி குடைந்திருப்பார்கள். மரம் காயும்போது வளையம் சுற்றிப்போகும் திசையில் அதிகமாகவும், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் குறைவாகவும் சுருங்கும். முழுக் கட்டையாக விட்டால் இந்த இழுபறியில் நடுவை நோக்கிப் பிளந்து, மாதாவின் முகத்துக்குக் குறுக்கே வெடிப்பு விழும். நடுத்தண்டை எடுத்துவிட்டால் மரத்துக்கு அசைய இடம் கிடைக்கும். அப்புறம் உச்சந்தலையைப் பாருங்கள், ஒரு துளை அல்லது அதை அடைத்த மரமுளை தெரியலாம். கட்டையைப் படுக்கை வாட்டில் இரு முனையிலும் முள் கொடுத்துப் பிடித்து, உருட்டி உருட்டிச் செதுக்கியதன் அடையாளம் அது. அந்தச் சொரூபம் கோவிலில் எழுந்து நிற்குமுன் மாதக்கணக்கில் மல்லாந்து கிடந்திருக்கிறது!

படி 4: நிறம் உண்டா, இல்லையா?

பெரும்பாலான பீடங்களுக்கு உளி வேலை பாதிதான். செதுக்கிய மரத்தின்மேல் வச்சிரப் பசையில் குழைத்த சுண்ணப்பூச்சைப் பல கை பூசுவார்கள், தேய்த்து வழவழப்பாக்குவார்கள். பொன் வரவேண்டிய இடத்தில் காவிக் களிமண் பூசி, தங்க ரேக்கு ஒட்டி, மெருகுக் கல்லால் தேய்ப்பார்கள். முகத்துக்கும் கைக்கும் தோல்நிறம். பல ஊர்களில் செதுக்குபவர் வேறு, வண்ணம் பூசுபவர் வேறு. இருவருக்கும் தனித்தனிச் சங்கம், அதற்கேற்ற சண்டையும்.

இந்தப் பழக்கத்தை உடைத்துப் பார்த்தவர் வூர்ட்ஸ்பூர்க் நகரத்துச் சிற்பி டில்மன் ரீமென்ஷ்னைடர். 1490-92-இல் முன்னர்ஷ்டட் என்ற சிற்றூருக்கு மரிய மதலேனாள் பீடம் செய்து கொடுத்தார். வண்ணம் கிடையாது. மரத்தின்மேல் பழுப்பு மெருகு, அவ்வளவே. உளியின் நுணுக்கத்தைப் பூச்சு மறைக்கக்கூடாது என்று நினைத்தாரா, செலவு மிச்சம் என்று ஊரார் நினைத்தார்களா என்று இன்றும் வாதம் ஓடுகிறது. என் பார்வையில் முதலாவதுக்குத்தான் சாட்சி பலம். வண்ணத்துக்குக் கீழே மறையப்போகிற மரத்தில் யாரும் அவ்வளவு சன்னமாகத் துணியின் கரையையும் முடியின் இழையையும் வேறுவேறாகத் தட்டிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

ஊராருக்கு அது பிடிக்கவில்லை போலும். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து ஆள் வைத்து வண்ணமும் பொன்னும் பூசிவிட்டார்கள். பூசியவர் யார் தெரியுமா? கிராக்கோவ் பீடத்தைச் செய்த அதே ஃபைட் ஷ்டோஸ். 1477-இல் நியூரம்பெர்க் குடியுரிமையை விட்டு கிராக்கோவ் போனவர், 2,808 ஃபுளோரின் பொற்காசுக்கு அந்தப் பெரும்பீடத்தை 1489-இல் முடித்தார். 1496-இல் நியூரம்பெர்க் திரும்பினார். அங்கே ஒரு வியாபாரியிடம் பணத்தைப் போட்டு ஏமாந்து, அதை மீட்க அந்த ஆளின் முத்திரையையும் கையெழுத்தையும் போலியாகச் செய்து மாட்டிக்கொண்டார். 1503-இல் தண்டனையாகப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் இரு கன்னத்திலும் துளைத்தார்கள். நகரை விட்டு வெளியேறக் கூடாது என்ற உத்தரவையும் மீறி முன்னர்ஷ்டட்டில் போய் ஒதுங்கினார். அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்ததுதான் இந்த வண்ணவேலை. ஐரோப்பாவின் இரு பெரும் மரச்சிற்பிகளில் ஒருவர் செதுக்கியதன்மேல் இன்னொருவர் சுண்ணம் பூசியிருக்கிறார். பிற்காலத்தில் பீடத்தையே பிரித்து, வண்ணத்தையும் சுரண்டி எடுத்துவிட்டார்கள். மதலேனாள் இப்போது மியூனிக்கில், சுவிசேஷகர் நால்வரும் பெர்லினில்.

ஆகவே வெறும் மரமாக ஒரு சொரூபம் நின்றால் உடனே 'இது ரீமென்ஷ்னைடர் வழி' என்று முடிவு கட்டாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டில் 'சுத்தமான மரம்' மோகத்தில் பழைய வண்ணத்தைக் கழுவித் தள்ளியது ஏராளம். மடிப்பின் ஆழத்தில், காதுக்குப் பின்னால் வெள்ளைச் சுண்ணம் ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் முன்பு வண்ணம் இருந்தது. கண்மணியும் உதடும் மட்டும் லேசாக நிறம் தீட்டியிருந்தால், முதலிலிருந்தே வண்ணமில்லாமல் விட்டது என்பதற்கு அது நல்ல அறிகுறி.

படி 5: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

இந்தப் படிக்காகவே ஜெர்மனியின் ரோதன்பூர்க் ஊருக்குப் போகலாம். புனித யாக்கோபு ஆலயத்தின் மேற்கு மாடத்தில் இருக்கிறது திரு இரத்தப் பீடம். பேழையைத் தச்சர் எர்ஹார்ட் ஹார்ஷ்னர் 1499-இல் தொடங்கினார், சொரூபங்களை ரீமென்ஷ்னைடர் 1505-க்குள் செய்தார். மேலே உள்ள சிலுவையில், படிகக் குமிழுக்குள், கிறிஸ்துவின் இரத்தத்துளி என்று நம்பப்பட்ட திருப்பண்டம். நடுப்பேழையில் கடைசி இராவுணவு.

பேழையின் முதுகை ஹார்ஷ்னர் பலகையால் அடைக்கவில்லை. வட்டக் கண்ணாடிச் சில்லுகளால் குட்டிச் சன்னல்கள் வைத்திருக்கிறார். பின்னாலிருந்தும் வெளிச்சம் வருவதால், சீடர்கள் ஓர் உண்மையான அறையில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது. பகல் நகர நகர நிழலும் நகரும். வண்ணம் செய்யவேண்டிய வேலையை வெயில் செய்கிறது. காலையில் ஒருமுறை, பிற்பகலில் ஒருமுறை பாருங்கள், இரண்டும் வேறு வேறு பீடம்.

இந்தக் காட்சியின் நடுவில் இயேசு இல்லை. நடுவில் பணப்பையோடு நிற்பவன் யூதாஸ். இயேசு இடப்புறம் தள்ளி, அவனுக்கு அப்பத்துண்டை நீட்டுகிறார். யூதாஸ் தனிக் கட்டையில் செய்து பொருத்தியது, கழற்ற முடியும். கழற்றினால் அவன் மறைத்துக்கொண்டிருந்த யோவான் தெரிவார், இயேசுவின் மடியில் சாய்ந்தபடி. நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் துரோகிதான் அந்த அன்பை மறைத்துக்கொண்டு நிற்கிறான்.

பக்கத்தில் க்ரெக்லிங்கனில் ரீமென்ஷ்னைடரின் மாதா விண்ணேற்புப் பீடம் இருக்கிறது. ஆகஸ்ட் 15 ஒட்டிய மாலைகளில் மேற்குச் சன்னல் வழியாக வரும் வெயில் நேராக மாதாமேல் விழும் என்று ஊரில் சொல்வார்கள். 16-ஆம் நூற்றாண்டின் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்துக்குப் பின் பலகை அடித்து மூடிக் கிடந்து, 1832-இல்தான் மறுபடி வெளியே வந்தது. வெயில் படாமல் கிடந்ததால் மரம் தப்பியது.

படி 6: ஒரே ஒரு மடிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்

பிற்கால கோதிக்கின் கையெழுத்து முகத்தில் இல்லை, துணியில்தான் இருக்கிறது. ஒரு சொரூபத்தைத் தேர்ந்து, தோளில் தொடங்கும் ஒரு மடிப்பைக் கண்ணாலேயே கீழ்வரை பின்தொடருங்கள். 1400 வாக்கில் செய்தது என்றால் மடிப்பு தொட்டில் மாதிரி வளைந்து வளைந்து இறங்கும். 1450-க்குப் பின் என்றால் படாரென்று முறியும். காகிதத்தைக் கசக்கிப் பிரித்தது போல முக்கோணம், கூர்முனை, பள்ளம். 1500 நெருங்கும்போது ஷ்டோஸ் கையில் அது காதுமடல் போலச் சுருண்டு, உடம்போடு சம்பந்தமே இல்லாமல் காற்றில் தானாக ஆடத் தொடங்கிவிடும்.

இந்த முறியும் மடிப்பு எங்கிருந்து வந்தது? முதலில் ஓவியத்திலிருந்து. ரோகியர் வான் டெர் வேய்டன் போன்ற நெதர்லாந்து ஓவியர்கள் கனத்த கம்பளித் துணி தரையில் மடிந்து விழுவதை அப்படி வரைந்தார்கள். அதைச் சிற்பத்துக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு நிக்கோலாஸ் கெர்ஹெர்ட் என்பவருக்கு. நெதர்லாந்தின் லெய்டன் நகரப் பெயரைத் தாங்கிய இவர் 1460-களில் ஷ்ட்ராஸ்பூர்க்கில் வேலை செய்தார், 1473-இல் இறந்தார். கல்லில்தான் அதிகம் செதுக்கினார். ஆனால் துணிக்கும் உடம்புக்கும் நடுவில் காற்றுப் போகும்படி குடையும் வித்தையை அவரைப் பார்த்துத்தான் அடுத்த தலைமுறை மரச்சிற்பிகள் கற்றுக்கொண்டார்கள்.

படி 7: எந்தத் தாளைப் பார்த்துச் செய்தார்கள்?

தாக்கம் என்றவுடன் குரு-சீடன் பரம்பரையைத் தேடுவோம். இந்தப் பீடங்களின் காலத்தில் அதைவிட வேகமாக ஓடியது அச்சுத் தாள். செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட படம் ஒரு மூட்டையில் நூறு போகும். கோல்மார்க்காரர் மார்ட்டின் ஷோங்கவர் 1491-இல் இறப்பதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தகடுகள் கீறினார். அவரைப் பார்க்கவென்றே நியூரம்பெர்க்கின் இளம் ஓவியர் ஆல்பிரெக்ட் ட்யூரர் 1492-இல் கோல்மார் போய், ஆள் இல்லை என்று அறிந்து திரும்பினார். முன்னர்ஷ்டட் பீடத்தில் உயிர்த்த இயேசு மதலேனாளுக்குத் தோன்றும் புடைப்புக்கு ரீமென்ஷ்னைடர் எடுத்தது ஷோங்கவர் படத்தின் அமைப்புதான்.

வட ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் பேராலயத்தில் உள்ள போர்டெஸ்ஹோம் பீடம் இதற்கு இன்னும் பெரிய சாட்சி. ஹான்ஸ் ப்ரூகெமன் 1521-இல் முடித்தது. ஓக் மரம், வண்ணமில்லை, உயரம் 12 மீட்டருக்கு மேல், உருவங்கள் நானூறுக்குப் பக்கம். அதில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் காட்சிகள் பல, ட்யூரர் 1511-இல் வெளியிட்ட சிறிய பாடுகள் மரவெட்டுத் தொகுப்பிலிருந்து வந்தவை. அந்தப் படம் ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுதான்!

இந்தப் படியைச் செய்ய போன் போதும். பீடத்தின் ஒரு காட்சியின் முன் நின்று, அதற்கு மூலமான அச்சுப்படத்தைத் திரையில் வைத்துக்கொள்ளுங்கள். எது ஒன்றுபோல் இருக்கிறது என்று பார்ப்பது சுலபம். எதைச் சிற்பி மாற்றினார் என்று பாருங்கள். தாளில் கோடு கோடாக நிழல் போட்ட இடத்தில் அவர் உண்மையான பள்ளம் தோண்டியிருப்பார். முன்னே நிற்கும் சேவகனைத் தனிக் கட்டையாக வெளியே இழுத்திருப்பார். தாளில் பின்னணியாக இருந்த மலை காணாமல் போயிருக்கும்.

பாஹர் விஷயத்தில் தாக்கம் மலை தாண்டி வந்தது. அவர் ஊரிலிருந்து இத்தாலியின் பதுவா நகரம் அதிக தூரமில்லை. இத்தாலிய ஓவியர் மான்டெஞ்ஞாவின் ஓவியங்களில் உள்ள தாழ்ந்த பார்வைக்கோணம், உள்வாங்கிப் போகும் கட்டடங்கள் பாஹரின் சிறகு ஓவியங்களில் அப்படியே தெரியும். ஆனால் நடுப்பேழைக்குள் வந்தால் இத்தாலி காணோம். கோதிக் ஊசிகள், தங்கக் காடு. ஒரே ஆளின் பட்டறையில் இரண்டு உலகம். இதை மறுமலர்ச்சிக்கு 'இன்னும் தயாராகாத' கலை என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. தெரிந்தே இரண்டையும் வைத்திருக்கிறார்.

படி 8: முத்திரை தேடுங்கள்

ஆன்ட்வெர்ப், பிரஸ்ஸல்ஸ் பீடங்கள் என்றால் மட்டும் இது. அங்கே பீடம் என்பது ஏற்றுமதிச் சரக்கு. தரம் பார்த்து முத்திரை குத்துவார்கள். ஆன்ட்வெர்ப் என்றால் சொரூபத்தில் சுட்டுப் பதித்த ஒரு கை, பிரஸ்ஸல்ஸ் என்றால் கொட்டாப்புளி. சின்ன உருவத்தின் தலையிலோ அடியிலோ இருக்கும். ஸ்வீடன், ஜெர்மனி கிராமக் கோவில்களில்கூட இந்தக் கை கிடைக்கிறது.

படி 9: இப்போது முகங்கள்

இவ்வளவும் பார்த்தபின் கிராக்கோவ் மாதாவிடம் திரும்புங்கள். வழக்கமாக மாதா படுக்கையில் இறப்பார். ஷ்டோஸ் அவரை முழங்காலில் தளரவிட்டு, ஒரு திருத்தூதரின் கைகளில் சரியவைக்கிறார். இளமையான முகம், சுற்றிலும் கிழவர்கள். கைகளில் புடைத்த நரம்பு, மூட்டு வீங்கிய விரல், தோலில் பரு. 1930-களில் கிராக்கோவ் தோல்நோய் மருத்துவர் ஒருவர் இந்தச் சொரூபங்களில் என்னென்ன நோய் தெரிகிறது என்று ஆராய்ந்து எழுதவே செய்தார். தெருவில் பார்த்த மனிதர்களைத்தான் அப்போஸ்தலராக நிறுத்தியிருக்கிறார் ஷ்டோஸ்.

இந்தப் பீடத்தை 1939-இல் போர் தொடங்குமுன் போலந்துக்காரர்களே கழற்றி ஒளித்துவைத்தார்கள்; நாஜிகள் அதைக் கண்டுபிடித்து ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள், கடைசியில் அது நியூரம்பெர்க் போய்ச் சேர்ந்தது. 1946-இல் போலந்துக்குத் திரும்பியது, 1957-இல்தான் கோவிலில் மறுபடி நின்றது. 2015 முதல் 2021 வரை மராமத்து நடந்தது. ஆக, நீங்கள் பார்க்கும் நிறம் பழைய புத்தகப் படங்களில் உள்ளதைவிடத் தெளிவாக இருந்தால் குழம்பவேண்டாம்.

படி 10: மிஞ்சாததையும் கணக்கில் வையுங்கள்

1524-இல் சூரிக், 1529-இல் பாசல், 1531-இல் உல்ம். சீர்திருத்தக்காரர்கள் ஊர் ஊராகச் சொரூபங்களை வெளியேற்றினார்கள். உல்ம் பேராலயத்தின் பிரதான பீடம் அப்படித்தான் போனது. தப்பியவற்றை உளுப்பு தின்றது. ஆஸ்திரியாவின் கெஃபர்மார்க்ட் பீடம் உளுத்துத் தூளாகிக்கொண்டிருந்தபோது, 1850-களில் எழுத்தாளர் ஆடால்பர்ட் ஷ்டிஃப்டர் முன்னின்று காப்பாற்றினார். அந்த மராமத்திலேயே மிச்ச வண்ணமும் போனது. ஸ்லோவாக்கியாவின் லெவோச்சாவில் மாஸ்டர் பவுலின் 18.62 மீட்டர் பீடம், உலகிலேயே உயரமான கோதிக் பீடம் என்று சொல்லப்படுவது, நல்லவேளையாக முழுதாக நிற்கிறது.

ஷ்டோஸின் கடைசிப் பீடம் பாம்பெர்க் பேராலயத்தில் இருக்கிறது. நியூரம்பெர்க் கார்மேல் மடத்துக்காக 1520-இல் தொடங்கினார். மடத்துத் தலைவர் அவருடைய மகன் ஆன்ட்ரியாஸ். கிழவர் இந்தமுறை வண்ணம் பூசவில்லை, மரத்தை மரமாகவே விட்டார். 1525-இல் நகரம் சீர்திருத்தத்துக்கு மாறியது. மடம் மூடப்பட்டது, மகன் வெளியேற்றப்பட்டார், கூலி முழுதாக வந்து சேரவில்லை. ஷ்டோஸ் 1533-இல் இறந்தார். அவர் தீட்டிய முன்வரைபடம் கிராக்கோவில் பத்திரமாக இருக்கிறது. அதை ஒரு கையில் வைத்துக்கொண்டு பாம்பெர்கில் நின்றால், எந்தெந்த இடத்தில் என்னென்ன வரவேண்டியிருந்தது என்று விரல்விட்டு எண்ணலாம்.